குழுவுக்குள் போவோம், குறிப்பேட்டோடு போவோம்



இன உறவுகள் சம்பந்தமாக அரசாங்கம் அமைக்கும் ஆலோசனைக் குழுக்களில் நமது தோட்ட அமைப்புகள் சேர வேண்டுமா, சேர்ந்தால் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன். பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையில் இருக்கும் ஓப்பநாயக்கப் பகுதித் தோட்டங்களை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன். காவத்தை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று சப்ரகமுவையின் எந்தத் தோட்டத்திலிருந்து நீங்கள் கேட்டாலும் விஷயம் ஒன்றுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர வேண்டும். அழைப்பு வரட்டும் என்று காத்திராமல் நாமே கேட்டுச் சேர வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது.

ஏன் சேர வேண்டும்? நுவரெலியாவில் மலைக்கு மலை தோட்டம் தொடர்ந்து கிடக்கிறது. இங்கே நிலைமை வேறு. ஒரு தேயிலைத் தோட்டம், அதை ஒட்டி ஒரு சிங்களக் கிராமம், கொஞ்சம் வயல், அப்பால் ஒரு ரப்பர் தோட்டம் என்று கலந்து கிடக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர்தான் தமிழர். 2020ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் இம்மாவட்டத் தோட்ட மக்களுக்கென்று ஒரு பிரதிநிதிகூட இல்லை. 2024இல் சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவானார். அது நல்ல திருப்பம். ஆனாலும் ஓப்பநாயக்கவில் ஒரு லயத்துக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் இடையில் எழும் ஒவ்வொரு பிரச்சினைக்கும் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து நிற்க முடியாது. பேச்சு உள்ளூரிலேயே நடக்க வேண்டும். பேசுவதற்கு ஓர் இடம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

அந்த இடம் இல்லாமல் போனதன் விலையை நம் பெரியவர்கள் கொடுத்திருக்கிறார்கள். 1977இலும் 1983இலும் வன்செயல் நாடெங்கும் பரவியபோது சப்ரகமுவைத் தோட்டங்களும் தப்பவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டன. கட்டிய துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அதே நாட்களில் நம்மவர்களைத் தம் வீட்டுக்குள் மறைத்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். வதந்தி கிளம்பிய முதல் மணித்தியாலத்தில் அவர்களை ஒன்றாக உட்கார வைக்க ஓர் ஏற்பாடு இருக்கவில்லை.

பிற்காலத்தில் அரசாங்கமே இதை உணர்ந்தது. 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, முறுகலை முன்கூட்டியே அறிந்து தணிக்கும் ஒரு பொறிமுறையைச் சர்வமதக் குழுக்களுடன் கலந்து அமைக்கச் சொன்னது. பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணித்தியாலமும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2017இல் இருபத்தைந்து மாவட்டங்களிலும் மாவட்ட நல்லிணக்கக் குழுக்களை அமைக்க அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அதிகாரிகள், மதத் தலைவர்கள், சிவில் அமைப்புகளின் பிரதிநிதிகள் கூடி இன, மத முறுகல்களைத் தீர்ப்பதே அவற்றின் நோக்கம். 2015இல் தொடங்கிய தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகம், 2024ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் நிரந்தர நிறுவனமாகவும் ஆகிவிட்டது. ஆக, கதவு இருக்கிறது. அதன் வழியே நாம் உள்ளே போகிறோமா என்பதுதான் கேள்வி.

இப்படியொரு குழுவால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்காக, நம் ஊரில் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது மாணிக்கக்கல் பூமி. தோட்ட எல்லையில் ஓடும் ஓடையின் மேற்பக்கத்தில் நாலு பேர் குழி வெட்டிக் கல் தேடுகிறார்கள். அவர்கள் கழுவிவிடும் சேறு கீழே வருகிறது. கீழே இருக்கும் லயத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் அந்த ஓடைத் தண்ணீர்தான். பெண்கள் குடத்தோடு போய்ப் பார்த்தால் தண்ணீர் செம்மண் குழம்பாகக் கிடக்கிறது. பொடியன்மார் மேலே போய்க் கேட்கிறார்கள். வாய்த்தகராறு கைகலப்பாகிறது. பொழுது சாய்வதற்குள் கைத்தொலைபேசிகளில் ஒரு செய்தி பறக்கிறது: தமிழ்ப் பொடியன்கள் சிங்களவர்களை அடித்துவிட்டார்கள் என்று. காலையில் தண்ணீர்ப் பிரச்சினையாக இருந்தது, இரவில் இனப் பிரச்சினையாகிவிட்டது.

அந்த மாலையிலேயே விகாரையின் ஹாமுதுருவும் கோயில் தலைவரும் தோட்டத்துரையும் பொலிஸ் பொறுப்பதிகாரியும், தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உத்தியோகத்தரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? குழிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். சேறு ஓடையில் விழாதபடி வழி செய்யச் சொல்லலாம். தண்ணீருக்காக எழுந்த சண்டை தண்ணீரோடு முடியும். ஆனால் அந்த மேசையில் லயத்து ஆள் ஒருவர் இல்லாவிட்டால், தண்ணீர் கலங்கிய கதையைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அடிதடிக் கதை மட்டுமே அங்கே பேசப்படும்.

மற்ற நாடுகளும் இந்த வழியில் போயிருக்கின்றன. பின்லாந்தில் 1998 முதல் இன உறவுகளுக்கான ஆலோசனைச் சபை ஒன்று இயங்குகிறது. அமைச்சுகளின் அதிகாரிகளோடு குடியேறி வந்த மக்களின் சங்கங்களும் அதில் அங்கம் பெறுகின்றன. மாகாண மட்டத்திலும் அப்படியான சபைகள் உண்டு. சிங்கப்பூரில் 2002 முதல் ஒவ்வொரு தொகுதியிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சமூகச் சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடும் இன, சமய நல்லிணக்கத்துக்கான குழுக்கள் இருக்கின்றன. பதற்றம் இல்லாத நாளிலேயே பழகிக்கொண்டால்தான் பதற்றம் வரும் நாளில் ஒருவரை ஒருவர் நம்ப முடியும் என்பது அவற்றின் அடிப்படை.

நேயர்களே, இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குழுவில் இடம் கிடைத்துவிட்டாலே எல்லாம் கிடைத்துவிடாது. நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2016 ஜனவரியில் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணியை அரசாங்கம் நியமித்தது. சிவில் சமூகத்தைச் சேர்ந்த 11 பேர் அதில் இருந்தார்கள். தலைவி மனோரி முத்தெட்டுவேகம. நமது மாவட்டத்துக் கலவானைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சரத் முத்தெட்டுவேகமவின் துணைவியார். மேல், தென், சப்ரகமுவ மாகாணங்களில் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 1994இல் அமைந்த ஆணைக்குழுவுக்கும் அவரே தலைமை தாங்கியவர். செயலணியின் செயலாளர் பாக்கியசோதி சரவணமுத்து. நாடு முழுவதும் போய் 7,300க்கும் மேற்பட்ட கருத்துரைகளைத் திரட்டினார்கள். 2017 ஜனவரி 3ஆம் திகதி, நல்லிணக்க அலுவலகத்தின் தலைவியாக இருந்த சந்திரிகா குமாரதுங்கவிடம் அறிக்கையைக் கையளித்தார்கள். அதன் முக்கியமான பரிந்துரைகளை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதிலிருந்து இரண்டு பாடங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆலோசனைக் குழு சொல்வதைச் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அரசாங்கத்துக்கு இல்லை. இது முதலாவது. அதேசமயம், மக்கள் வந்து சொன்னது அறிக்கையாக அச்சில் நிற்கிறது. நாளைக்கு யாரும் இப்படியொரு முறைப்பாடு வரவே இல்லையே என்று கைவிரிக்க முடியாது. இது இரண்டாவது. ஆகவே எழுத்தில் இருப்பதுதான் நமக்குப் பலம்.

அப்படியானால் எப்படிப் போக வேண்டும்?

முதலில், யார் போவது? தோட்டத்தில் கோயில் பரிபாலன சபை இருக்கிறது. மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், இளைஞர் கழகம், தொழிற்சங்கக் கிளை எல்லாம் இருக்கின்றன. ஆனால் பல சங்கங்களுக்குப் பதிவு கிடையாது. பதிவு இல்லாத சங்கத்தை அழைக்கவில்லை என்று அதிகாரி சொன்னால் நாம் வாயடைத்து நிற்க வேண்டிவரும். பிரதேச செயலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆளைத் தெரிவு செய்வது பொதுக்கூட்டத்தில் நடக்கட்டும். தலைவருக்கு வேண்டியவர், துரைக்கு வேண்டியவர் என்று பெயர் கொடுத்தால் லயத்து மக்களின் குரல் அங்கே ஒலிக்காது. இரண்டு பேரை அனுப்பினால் அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் கலங்கியதை முதலில் கண்டவர் குடம் எடுத்துப் போன பெண்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, நேரமும் சம்பளமும். கூட்டங்கள் பெரும்பாலும் வேலை நாளில், காலையில் நடக்கின்றன. கொழுந்து எடுக்கும் ஒருவர் இரத்தினபுரிக் கச்சேரிக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. போகும் ஆள் தன் நாட்சம்பளத்தை இழந்து ஊருக்காகப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பஸ் செலவையும் அன்றைய சம்பளத்தையும் சங்கம் பொறுப்பேற்கலாம். விடுமுறை நாளிலோ பின்னேரத்திலோ கூட்டம் வைக்கும்படி குழுவிடமே கேட்கலாம்.

மூன்றாவது, மொழி. சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது. அதை வாசிக்கப் படித்த பொடியன் ஒருவனைத் தேடுகிறோம். அவன் வேலைக்குக் கொழும்பு போயிருந்தால் கடிதம் சாமிப்படத்துக்குப் பின்னாலேயே இருந்துவிடுகிறது, கூட்டமும் முடிந்துவிடுகிறது. இதைச் சகித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் அரச அதிகாரியிடமிருந்து தமிழில் தகவல் பெறவும் தமிழில் அவரோடு கருமமாற்றவும் நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், கூட்டறிக்கை மூன்றையும் தமிழில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

நான்காவது, குறிப்பேடு. இது மிக முக்கியம். கூட்டத்துக்குப் போகும்போது மூன்று பிரச்சினைகளைத் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த இடம், எந்தத் திகதி, எத்தனை குடும்பம் பாதிப்பு, யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். யார் என்ன பதில் சொன்னார் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியே போன கூட்டத்தில் சொன்னது நடந்ததா என்பதாக இருக்கட்டும். கூட்டறிக்கை தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

அரசாங்கக் குழுவில் உட்கார்ந்தால் நம் வாய் கட்டுப்பட்டுவிடாதா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். படம் எடுப்பதற்கும் கைச்சாத்து வாங்குவதற்கும் மட்டும் கூடுகிற குழு என்று தெரிந்தால், காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். அந்தச் சுதந்திரம் நமக்கு எப்போதும் இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்க்காமலே ஒதுங்கி நின்றால், நம்மைப் பற்றிய முடிவுகளை நாம் இல்லாமலே எடுப்பார்கள். விடாமல் கேட்டால் மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தோட்டத்துக்குள் பிரதேச சபை நிதியைச் செலவு செய்யச் சட்டம் இடையூறாக இருந்த நிலை 2018இல்தான் திருத்தப்பட்டது. 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டம் அது. முப்பத்தொரு வருஷம் காத்திருந்தோம். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தவர்களால்தான் அது மாறியது.

நேயர்களே, ஓப்பநாயக்கத் தோட்டங்களின் கோயில் கமிட்டிகளுக்கும் மாதர் சங்கங்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கூடுங்கள். இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். மூன்று பிரச்சினைகளை எழுதுங்கள். எங்களுக்கும் மாவட்ட நல்லிணக்கக் குழுவில் இடம் வேண்டும் என்று பிரதேச செயலாளருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் தமிழில் கடிதம் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிராமத்துச் சங்கத்தையும் கூட அழைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நம் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் ஒரே பாதையில் பயமின்றிப் போய்வர வேண்டுமானால், அதற்கான பேச்சை அமைதியாக இருக்கும் இந்த நாட்களிலேயே நாம் தொடங்க வேண்டும்.