ஓடத் தகாத வண்டி யாருக்கும் தகாது



ஒரு நாட்டின் சாலையில் ஓடத் தகுதியற்றது என்று சட்டம் தள்ளிவைத்த வண்டி, கப்பலேறிக் கடல் தாண்டியதும் விலைபோகும் சரக்காக மாறிவிடுவது எந்த நியாயத்தில் என்ற கேள்விக்கு இன்றுவரை நேரான விடை கிடைத்தபாடில்லை. 2015 முதல் 2018 வரையிலான நான்கே ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று இடங்களிலிருந்து சுமார் 1 கோடியே 40 லட்சம் பழைய கார்களும் வேன்களும் வெளிநாடுகளுக்குப் போயின என்றும், அவற்றில் ஆப்பிரிக்கா மட்டும் நூற்றுக்கு நாற்பதை வாங்கிக்கொண்டது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2020இல் கணக்குச் சொன்னது. எங்கோ நடக்கும் வணிகம் இது என்று ஐரோப்பியத் தமிழர் கூடியிருக்கும் இவ்வவை எண்ண வேண்டியதில்லை. தெருவோரம் நிற்கும் பழைய காரின் கண்ணாடியிடுக்கில், எந்த நிலையில் இருந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று அச்சடித்த சிறு அட்டை செருகப்படுகிறதே, அந்த அட்டையில்தான் இது தொடங்குகிறது.

அட்டையைப் பார்த்து அழைத்தவரின் கார் பல கை மாறி, பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்வார்ட் பகுதி போன்ற பழைய கார் சந்தைகளைக் கடந்து, ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குச் சென்று, வண்டிகளை ஓட்டியே ஏற்றி ஓட்டியே இறக்குவதற்கென்று கட்டப்பட்ட கப்பலின் வயிற்றுக்குள் நுழைகிறது. அதுவும் வெறும் காராகப் போவதில்லை. பின்னிருக்கையில் பழைய குளிர்பதனப் பெட்டி, அதன்மேல் தொலைக்காட்சி, இண்டு இடுக்கெல்லாம் மெத்தையும் டயரும் என்று கூரை முட்டத் திணிக்கப்பட்டு, ஒரே வண்டிக்குள் பல வகைக் குப்பை கடல் கடக்கிறது. பெனின் நாட்டின் கொட்டனூ துறைமுகத்தில் இறங்கும் வண்டிகளில் பெரும்பகுதி அண்டையிலுள்ள நைஜீரியாவுக்கே போய்ச் சேர்கிறது. தரைவழியே வண்டி இறக்குமதி கூடாது என்று நைஜீரியா 2017 தொடக்கத்திலேயே தடை போட்ட பிறகும் அந்தப் போக்கு நின்றுவிடவில்லை.

நெதர்லாந்தின் அரசு ஆய்வாளர்கள் தங்கள் துறைமுகங்களிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும் வண்டிகளைத் திறந்து பார்த்தபோது, பெரும்பாலானவை 16 முதல் 20 வயது ஆனவை என்பதும், சாலையில் ஓடலாம் என்று உறுதிசொல்லும் தகுதிச்சான்று அவற்றில் பலவற்றுக்குக் காலாவதியாகிவிட்டது என்பதும், புகையின் நச்சுக்கு வரம்பு கட்டும் யூரோ 4 தரத்தைக்கூட பெரும்பாலானவை எட்டவில்லை என்பதும் தெரியவந்தன. வண்டியின் அடியில், புகைபோக்கிக் குழாயின் நடுவே, எஞ்சின் கக்கும் நச்சு வாயுவைத் தீங்கு குறைந்த வாயுவாக மாற்றுகிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்ற உருளை ஒன்று உண்டு. அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால், கப்பலேறும் முன்பே அதை அறுத்தெடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பொன்னான பாகம் ஐரோப்பாவில் நின்றுவிட, புகை மட்டும் ஆப்பிரிக்கக் குழந்தையின் நுரையீரலுக்கு ஏற்றுமதியாகிறது!

ஏழை நாட்டு மக்களுக்குக் குறைந்த விலையில் கார் கிடைக்கிறது, இதைத் தடுப்பவர்கள் ஏழைகளின் பகைவர்கள் என்று மேடைதோறும் முழங்குகிற கனவான்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரை இங்கே சொல்லித்தான் தீர வேண்டும் என்பதில்லை. ஊசிப்போன சோற்றை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு, அன்னதானம் செய்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிவது எந்த ஊர் அறம்? ஐந்து வயதான நல்ல வண்டியை விற்பதை எவரும் குறைசொல்லவில்லை, நல்ல பழைய வண்டி ஒரு குடும்பத்துக்கே சோறுபோடும். பிரேக் பிடிக்காத வண்டியை விற்பவரைத்தான் இந்த மேடை கேள்வி கேட்கிறது, ஏனெனில் அந்த வண்டி மோதிச் சாகிறவர், அதை வாங்கக்கூட வழியில்லாமல் சாலையோரம் நடந்துபோகிறவர்.

இத்தனைக்கும் நடுவே பெயர் தெரியாத ஒரு மாமனிதர் இருக்கிறார்! கானா நாட்டின் குமாசி நகரில் சுவாமே மேகசின் என்றொரு பட்டறைப் பேட்டை உண்டு. பல்லாயிரம் மெக்கானிக்குகளும் பற்றவைப்போரும் கடைசல்காரர்களும் திறந்த வெளியிலும் தகரக் கொட்டகையிலும் வேலைபார்க்கிற அந்த இடத்தில், ஐரோப்பா கைகழுவிய எஞ்சினுக்கு உயிர் கொடுப்பவர் அவர். அங்குள்ள பல்கலைக்கழகம் 1980இல் அப்பேட்டைக்குள்ளேயே ஒரு தொழில்நுட்ப மையத்தைத் திறந்து அந்தக் கைகளுக்கு மதிப்பளித்தது. 2013 வாக்கில், நெதர்லாந்திலிருந்து வந்த இருவரோடு சேர்ந்து அந்தப் பட்டறைக்காரர்கள் கிடைத்த பாகங்களைக் கொண்டே டர்ட்டில் 1 என்று ஒரு முழுக் காரையே கட்டி ஓட்டிக்காட்டினார்கள். இப்படிப்பட்ட கைகளைக் காலமெல்லாம் பிறர் தள்ளிய காயலான் கடைச் சரக்கோடு மல்லுக்கட்ட வைத்திருப்பதுதான் இந்த வணிகத்தின் பெருங்கொடுமை. கார் இனி ஓடவே ஓடாது என்றானதும், அதன் எண்ணெயும் பேட்டரியின் ஈயமும் அமிலமும் போய்ச் சேருவதும் அவர் நிற்கிற அதே மண்ணில்தான்.

வாங்குகிற நாடுகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கென்யா எட்டு வயதைத் தாண்டிய வண்டியை உள்ளே விடுவதில்லை. தென்னாப்பிரிக்கா பழைய வண்டி இறக்குமதிக்கே கதவைச் சாத்தியது. மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பின் அன்றைய 15 நாடுகளும் 2021 ஜனவரி முதல் யூரோ 4 தரத்தையும் கந்தகம் குறைந்த எரிபொருளையும் நடைமுறைப்படுத்துவதென்று முடிவுசெய்தன; கந்தகம் மிகுந்த டீசலை ஊற்றினால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்தும் கெட்டுப்போகும் என்பதால் இரண்டையும் சேர்த்தே அவை தீர்மானித்தன. விற்கிற ஐரோப்பாவிலோ ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் வண்டிகள் தடம் தெரியாமல் மறைகின்றன என்று ஐரோப்பிய ஆணையமே ஒப்புக்கொள்கிறது. ஓடத் தகுந்த வண்டியை மட்டுமே ஏற்றுமதி செய்யலாம் என்ற விதியை அது முன்மொழிவதற்கே 2023 ஜூலை வரை ஆனது.

சட்டம் வரட்டும், அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இவ்வவையிலுள்ள எவருக்கும் இல்லை. ஆயுள் முடிந்த காரை, அதன் முக்கியப் பாகங்கள் கழற்றப்படாமல் இருக்கும்வரை, அனுமதி பெற்ற பிரிப்பு நிலையத்தில் கட்டணமின்றி ஒப்படைக்கலாம் என்பதும், ஒப்படைத்தவருக்கு அழிப்புச் சான்று தரப்பட வேண்டும் என்பதும் ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கின்றன. கண்ணாடியில் செருகிய அட்டை தரும் சில நூறு யூரோவுக்கு ஆசைப்படாமல், உங்கள் பழைய காரை அந்த நிலையத்தில் விடுங்கள். சான்றைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.