நெருப்புக்குள் போய் வருகிறவர்கள்

(தீத்தொண்டு வாரத்தில், மருத்துவமனை ஆலயத்தில் கூடிய ஆதரவாளர்களிடம் பேசியது)



இந்த வாரம் எப்படி வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டைகின்' என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள், யார் புத்தியோ! பற்றிய பஞ்சை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் திரும்பவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சேலம் கருங்கல்பட்டியில் 2021 நவம்பர் 23 காலையில் எரிவாயு சிலிண்டர் வெடித்து வீடுகள் இடிந்தன. இறந்த ஐந்து பேரில் ஒருவர் அங்கே குடியிருந்த தீயணைப்பு அதிகாரி. அவர் மனைவியும் மரித்தார். இடிபாட்டைத் தோண்டியவர்கள் அவருடைய துறையைச் சேர்ந்தவர்களே. மற்ற நாட்களில் யார் வீட்டுக்கோ ஓடுகிறவர்கள், அன்று தங்களில் ஒருவரைத் தேடினார்கள்.

நாங்கள் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தீக்காயத்தோடு யாராவது வந்தால் கட்டிலண்டை நின்று ஜெபிப்போம். தூக்கிக்கொண்டு வந்தவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஓர் இரவு அப்படி வந்த ஒருவர், ஓய்வுபெற இரண்டு ஆண்டே இருந்தவர், வராந்தா பெஞ்சில் இருமிக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தோம்.

"நெருப்பு பெரிசில்லீங்க ஐயா. பொகைதான். அதுக்கும் மேல கெணறுங்க" என்றார்.

நாமக்கல் பக்கத்துத் தோட்டக் கிணறுகளை நீங்கள் அறிவீர்கள். வறட்சிக்கு வறட்சி ஆழப்படுத்தி, மேலே நின்றால் அடியே தெரியாது. கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, விழுந்த மாட்டையும் மனுஷரையும் மேலே அனுப்புகிறவர் அவர். ஒரு தரம் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை எடுத்திருக்கிறார். உயிர் இல்லை.

"எம்பொண்ணு வயசுங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போயி அவளத் தொடக் கை வரலீங்க."

தூக்கம் வராமல் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டோம். "பதினோரு வருஷமாச்சுங்க" என்றார்.

யாரிடமாவது சொன்னதுண்டா என்றோம். சிரித்தார்.

புகைக்கும் ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய்க்குக் காரணமாகும் தொழில் என்று வகைப்படுத்தியது.

இங்கிலாந்தில் 1943இல், யுத்த நாட்களில், தீயணைப்போருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஓர் உதவி நிதி தொடங்கினார்கள். காயப்பட்டவர்கள் உடல் தேறவும் மனம் தேறவும் அதற்கு இல்லங்கள் உண்டு. அங்கே வீரர்கள் தீயணைப்பு நிலைய வாசலில் பொதுமக்களின் கார்களைக் கழுவி அந்த நிதிக்குப் பணம் சேர்ப்பதுண்டு. கார் வைத்திருப்பவர் அழுக்கோடு வந்து தருமம் செய்துவிட்டுப் போகிறார்!

சென்ற கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஓர் அம்மாள் எழுந்தார். "எங்க மாட்டக் கெணத்துல இருந்து எடுத்தாங்க. டீக்குக்கூடக் காசு வாங்கலைங்க. அந்தக் கடன் நிக்குதுங்க" என்று நூறு ரூபாயை மேசைமேல் வைத்தார். அதைத் தொடர்ந்து சேர்ந்த காணிக்கையை, தீயணைப்பு வீரர்களின் நுரையீரல் பரிசோதனைக்கென்று தனியே எடுத்து வைத்தோம். பேச விரும்புகிறவர்களுக்கு எங்கள் அறைக் கதவும் திறந்திருக்கிறது.

முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். பெஞ்சில் இருமிய அந்தச் சகோதரரும் வந்தார். மூன்றாமவர் குழாயில் ஊதிக்கொண்டிருக்கையில் நிலையத்திலிருந்து போன் வந்தது. ஆறு பேரும் எழுந்து ஓடினார்கள். அவர்கள் பெயர் எழுதிய அட்டைகளை எடுத்து வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறோம்.