கரணையும் நாதமும்





1. வினா

இசை எதிலிருந்து பிறந்தது என்ற வினாவுக்கு என் சகாக்கள் பலர் தரும் விடையை நீங்கள் அறிவீர்கள். வில்லின் நாணிலிருந்து யாழ் பிறந்தது. நரம்பைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜமும், மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமமும் கேட்கும். இந்த விகிதங்களைக் கிரேக்கத்தில் பிதாகரஸின் வழியினர் போற்றினர். ஆகவே கணக்கே இசையின் தாய், தோற்கருவியோ காலத்தை அளக்க வந்த துணை, அதில் லயம் உண்டேயன்றி நாதம் இல்லை என்பர். இக்கொள்கையை நான் நெடுங்காலமாக மறுத்து வந்திருக்கிறேன்; இன்று அதற்குரிய காரணங்களை ஒழுங்குபடக் கூற விரும்புகிறேன்.

2. ஒலியின் உறுப்புகள்

ஓர் ஒலிக்கு உயரமும், வன்மையும், நீட்சியும், தன்மையும் உண்டு. ஒரே சுருதியில் ஒலிக்கும் குழலையும் வீணையையும் நாம் வேறுபடுத்தி உணர்வதற்குத் தன்மையே காரணம் என்பதையும், அத்தன்மை பெரிதும் மூல ஒலியோடு கூடி எழும் மேற்சுரங்களின் சேர்க்கையைப் பொறுத்தது என்பதையும் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் விரிவாக நிறுவினார். நரம்பில் அம்மேற்சுரங்கள் மூல ஒலியின் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளாக இயல்பாகவே அமைகின்றன. தோலிலோ அவ்வாறு அமைவதில்லை. என் வாதம் இங்கிருந்தே தொடங்குகிறது.

3. மிருதங்கத்தின் வலந்தலை

சீரான வட்டத்தோல் ஒன்றை இழுத்துக் கட்டித் தட்டினால், அடி ஒலியை ஒன்று எனக் கொள்ளும்போது, அடுத்தவை ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 என்று முரண்பட்டு நிற்கும். இவற்றுள் எதுவும் முழு மடங்கன்று. ஆதலால் செவிக்கு ஓசை கிட்டுமேயன்றிச் சுருதி நிலைப்பதில்லை. இயற்கை இவ்வாறு மறுத்ததை நம் நாட்டுத் தோல் தொழிலாளர் எவ்வாறு வசப்படுத்தினர் என்பதைக் கவனியுங்கள். வலந்தலையின் நடுவே, சோற்றோடு இரும்புச் சத்துள்ள கரிய கல்லின் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய படலமாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடியும் பூசித் தேய்த்துக் கேட்டு, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்குமாறு கரணை என்னும் கரும்பூச்சை வளர்க்கிறார்கள். அது காயும்போது நுண்ணிய வெடிப்புகள் தோன்றுவதால், தோலுக்குப் பாரம் கூடுகிறதேயன்றி விறைப்பு அவ்வளவாகக் கூடுவதில்லை.

இதன் பயன் யாது? தோல் முழுவதும் ஒருசேர எழுந்து தாழும் அடி அதிர்வில் நடுப்பகுதியே மிகுதியாக அசைவதால், நடுவிலிட்ட பாரம் அவ்வொலியை வெகுவாகத் தாழ்த்துகிறது; இரண்டாவது அதிர்விலோ அசையாத கோடு நடுவின் வழியே செல்வதால், அது அவ்வளவு தாழ்வதில்லை. எனவே 1.59 ஆக இருந்த இடைவெளி விரிந்து இரண்டை எட்டுகிறது. சர் சி. வி. ராமன், எஸ். குமாருடன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இதனை வெளியிட்டார். பின்னர் 1934-இல், தோலின்மேல் நுண்மணலைத் தூவி அசையாக் கோடுகளைக் கண்டு, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே ஒலிகளாக, ஒன்று முதல் ஐந்து வரையிலான மடங்குகளாகத் திரள்வதை விளக்கினார். முதலிரண்டும் தனித்தனியே நிற்க, மூன்றாவதில் இரண்டும், நான்காவதில் இரண்டும், ஐந்தாவதில் மூன்றுமாக அவை ஒன்றுபடுகின்றன. வித்வான் மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் மெல்ல ஊன்றி, ஆள்காட்டி விரலால் ‘நம்’ என்று எழுப்பும்போது அடி ஒலி அடங்கி மற்றவை துலங்குவதும் இந்த ஒழுங்கினாலேயே.

நரம்பைக் கொண்டு செவி பழகிய பின்னரே கரணை வந்தது என்று சகாக்கள் விடையிறுப்பர். ஆனால் சங்க நூலான பொருநராற்றுப்படை மண் பூசிய முழவையும் பண் அமைந்த சிறிய யாழையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. நாட்டிய சாஸ்திரமும் முழவுக்கு மண் பூசிச் சுருதி சேர்க்கும் முறைகளைக் கூறுகிறது. எது முந்தியது என்று இச்சான்றுகளைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆயினும் ஒன்று உறுதி: கரணையில் பாதியாக்க நீளமில்லை, மூன்றாக வகுக்கக் கோலுமில்லை. போதும் என்று கையை நிறுத்தச் சொல்வது செவி ஒன்றே. ராமனுடைய கணிதம் பிறப்பதற்கு வெகு காலம் முன்னமே அச்செவி அம்மடங்குகளை நாடிப் பெற்றுவிட்டது. கணக்கு செவியைப் பின்தொடர்ந்து வந்து அது கண்டதற்குச் சான்று கூறியதேயன்றி, அதைப் பெற்றெடுக்கவில்லை.

4. பிற கருவிகள்

ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008-இல் கிடைத்த, கழுகின் சிறகெலும்பில் துளையிட்ட குழல் முப்பத்தையாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையதாக மதிக்கப்படுகிறது. எழுத்தும் எண்ணியலும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னமே விரல்கள் துளைக்கு இடம் தேடின. மிடற்றிசையைப் பற்றியும் விரிவாகக் கூற வேண்டும். நேரம் போதாமையால் விடுகிறேன்.

5. இனிச் செய்ய வேண்டியவை

கரணையின் ஒவ்வொரு படலத்துக்கும் அதிர்வை அளந்து பதிவு செய்தல் வேண்டும். நடுவை விட்டு விலகிக் கரணை அமைந்த தபலாவின் இடப்பக்கக் கருவியை மிருதங்கத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். திருவாரூர் ஐம்முகக் குடமுழாவின் ஒலிகளை ஆராய்தல் வேண்டும். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் வகுத்த அகமுழவு முதலிய பிரிவுகளை நாத நோக்கில் மறுபடி படித்தல் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, இசைக் கல்லூரிகளில் கருவி செய்வோரையும் ஆசிரியராக அமர்த்தி, அவர்களுடைய செவிஞானத்தைச் சாஸ்திரமாக மதித்து எழுதி வைத்தல் வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்றையாவது இச்சொற்பொழிவை அமைத்த அறக்கட்டளை தன் அடுத்த ஆய்வுப் பணியாக ஏற்குமாறு வேண்டி அமைகிறேன்.