எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது தொழில்நுட்பம் பற்றிப் பேசுங்க" என்றார் செயலாளர். நான் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இதிலும் கணக்கு உண்டு. முக்கியமாக, முன்னாள் மாணவர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு ஓடும் ஆட்டம். கல்லூரி அணிகள் ஆடுவதைப் பார்க்க ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள்கூட அங்கே இருக்கின்றன. ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 12 ஆட்டம். நவம்பரோடு அது முடிந்ததும், தேறிய அணிகளை வேறு ஊருக்கு அழைத்து ஆட வைப்பார்கள். அந்தச் சிறப்பு ஆட்டத்துக்குப் பெயர் 'பவுல்'. கிண்ணம் போலக் கட்டிய மைதானத்தின் பெயர் ஆட்டத்துக்கே ஒட்டிக் கொண்டது. முதல் ஆட்டம் 1902 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடந்தது. மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. அதுதான் ரோஸ் பவுலின் தொடக்கம். இன்று ஏறத்தாழ 40 பவுல்கள் நடக்கின்றன.

நான் அங்கே வேலை பார்த்த காலத்தில், நவம்பர் வந்தால் ஆபீஸில் ஒரே பேச்சு: "நம்ம காலேஜ் எந்த பவுலுக்குப் போகும்?" விமான டிக்கெட் எடுக்க வேண்டும், லீவு சொல்ல வேண்டும். அறிவிப்போ டிசம்பர் முதல் வாரத்து ஞாயிறன்றுதான் வரும். அதற்கு முன்பே கணிக்க முடியுமா? முடியும். ஆனால் இது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றையும் போட்டுக் குழப்பினால் கணக்கு தப்பும்.

முதல் கேள்வி, தகுதி கிடைக்குமா? பொதுவாக 12 ஆட்டத்தில் 6 வெற்றி வேண்டும். இது சுத்தமான கணக்கு. ஓர் அணி 5 வென்றிருக்கிறது, இன்னும் 2 ஆட்டம் பாக்கி என்று வைத்துக் கொள்வோம். ஒன்றில் வெல்லும் வாய்ப்பு 40%, மற்றதில் 30%. இரண்டிலும் தோற்கும் வாய்ப்பு 0.6 பெருக்கல் 0.7, அதாவது 42%. ஆகவே தகுதி பெற 58% வாய்ப்பு. இரண்டு ஆட்டத்திலும் தோற்கும் என்று தனித்தனியே சொல்லத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் பவுலுக்குப் போகும் பக்கம்தான் தராசு சாய்கிறது. எஞ்சினீயரிங் முதல் வருஷப் பாடம்தான் இது.

ஆனால் விதியின் அடிக்குறிப்பையும் படிக்க வேண்டும். கீழ்ப்பிரிவு அணியை வென்றால் பொதுவாக ஒரு வெற்றி மட்டுமே கணக்கில் சேரும். 2015-இல் தகுதி பெற்ற அணிகள் போதவில்லை. அப்போது 5 வெற்றி, 7 தோல்வி கண்ட நெப்ராஸ்கா, மின்னசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் ஆகிய மூன்று அணிகளுக்கும் இடம் கிடைத்தது. எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ஆட்டக்காரர்களின் படிப்புத் தேர்ச்சிப் புள்ளியைப் பார்த்து! மூன்று அணிகளும் தங்கள் பவுலில் வென்றும் காட்டின.

இரண்டாவது கேள்வி, ஒப்பந்தம் என்ன சொல்கிறது? கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு பவுலும் இன்ன கான்ஃபரன்ஸிலிருந்து ஓர் அணி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும். மேலே இருக்கும் அணி சாம்பியன் பட்டத் தொடருக்குப் போய்விட்டால், கீழே உள்ளவர்கள் ஒரு படி ஏறுவார்கள். ரயில் வெயிட்டிங் லிஸ்ட் நகர்வது போலத்தான். ஆகவே நம் அணியின் இடத்தைக் கணிக்க, நமக்கு மேலே இருக்கும் எல்லா அணிகளின் முடிவையும் கணித்தாக வேண்டும். அந்தத் தொடரில் 4 அணிகள் இருந்தன. 2024 பருவத்தில் அது 12 ஆனபோது பழைய படிக்கட்டு முழுவதும் மாறிப் போனது.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. தேர்வு செய்பவர் மனதில் என்ன இருக்கிறது? பவுல் என்பது ஒரு வியாபாரமும்கூட. ஓட்டல் நிரம்ப வேண்டும், டி.வி.யில் ஆள் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் இடம் கொடுக்கும்போது, ஒரே தரத்தில் உள்ள இரண்டு அணிகளில் எதை அழைப்பார்கள்? எந்தக் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் குடும்பத்தோடு கிளம்பி வருவார்களோ, அதைத்தான். பாருங்க, ஆடுகிறவர்கள் பையன்கள், எண்ணப்படுவது நம்மைப் போன்ற தலைகள்!

ஆனால் விதி கட்டாயப்படுத்தினால் கூட்டக் கணக்கு எடுபடாது. 2010 பருவத்தில் கனெக்டிகட் அணிக்கு 8 வெற்றி, 4 தோல்விதான். கான்ஃபரன்ஸ் சாம்பியன் என்ற விதியின் பலத்தில் அது நாட்டின் மறுகோடியில், அரிசோனாவில் நடந்த ஃபியஸ்டா பவுலுக்குப் போனது. 17,500 டிக்கெட்டுகளுக்குக் கல்லூரி பொறுப்பேற்க வேண்டியிருந்தது. பெரும்பகுதி விற்கவில்லை. நஷ்டம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

இதற்கு நேர்மாறாக, 2023-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஃப்ளோரிடா ஸ்டேட் அணி ஆடிய 13 ஆட்டத்திலும் வென்று கான்ஃபரன்ஸ் பட்டமும் பெற்றது. அதற்கு முன் நான்கு அணித் தொடரின் காலத்தில், பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் தோல்வி காணாத சாம்பியன் ஒதுக்கப்பட்டதே இல்லை. கணக்கு மட்டும் தெரிந்தவர் "நிச்சயம்" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நவம்பரில் அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், காயமடைந்தார். அவர் இல்லாத அணி வேறு அணி என்று 13 பேர் கொண்ட குழு முடிவு செய்தது. ஒரு தோல்வி கண்ட டெக்சஸும் அலபாமாவும் உள்ளே போயின. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஆரஞ்சு பவுல்தான் கிடைத்தது. பல முக்கிய ஆட்டக்காரர்கள் அதில் ஆடவே இல்லை. ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது.

அந்தப் பையன்கள் வெல்ல வேண்டிய எல்லாவற்றையும் வென்றார்கள். ஆனாலும் கதவைத் திறக்கும் சாவி வேறு ஒருவர் கையில் இருந்தது. இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று பார்க்காத கணிப்பு, கணிப்பே அல்ல என்கிறேன்.

தம்பி, தங்கைகளே, உங்களுக்கும் வேலை, மேல்படிப்பு என்று பல கதவுகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எது நம் மார்க்கைப் பொறுத்தது, எது விதியைப் பொறுத்தது, எது எதிரே உட்கார்ந்திருப்பவர் மனதைப் பொறுத்தது என்று மூன்றாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். முதல் பகுதியில் முழு உழைப்பைப் போடுங்கள். இரண்டாவதை வரி விடாமல் படியுங்கள். மூன்றாவது கைவிட்டால், அதை உங்கள் மதிப்பெண்ணாக எடுத்துக் கொள்ளாதீர்கள்.

நண்பர்களே, நமக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஒரு கல்லூரி அணி எந்த ஊருக்குப் போகும் என்பதில், முன்னாள் மாணவர்கள் கிளம்பி வருவார்களா என்ற கேள்விக்கும் இடம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும், அழைத்தால் வருகிற முன்னாள் மாணவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு பலம்தான். வருகிற ஆண்டும் வருவோம், இன்னும் நாலு பேரைக் கூட்டிக் கொண்டு வருவோம்.