தலைவலியும் கால் குடைச்சலும் – டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒற்றைத் தலைவலி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்னொரு தொல்லை இருக்கிறது. இரவில் படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போல, குடைவது போல இருக்கும். காலை அசைக்காமல் இருக்க முடியாது. எழுந்து நடந்தால் குறையும், படுத்தால் திரும்ப வரும். ‘வயசானால் இப்படித்தான்’ என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறோம். இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். இங்கிலாந்து டாக்டர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945-ல் ஸ்வீடனைச் சேர்ந்த எக்பாம் விரிவாக விளக்கினார்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. காலால் தூக்கம் கெட்டால், மறுநாள் தலைவலி வர அதுவே போதும்.

மாத்திரையிலும் ஒரு சிக்கல். தலைவலியோடு வரும் குமட்டலுக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மூளையில் டோபமின் வேலையைத் தடுக்கும். அதனால் கால் தொல்லை கூடலாம். தலைவலி வராமலிருக்கத் தரும் அமிட்ரிப்டிலினும், தூக்கம் வரவைக்கும் சில சளி, அலர்ஜி மாத்திரைகளும் சிலருக்கு அப்படியே. தலைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று இரண்டு டாக்டரிடம் போனால், இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அடுத்து, இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் கையிலிருக்கும் ரொக்கம் என்றால், ஃபெரிட்டின் சேமிப்புக் கணக்கு. கையில் பணம் புரளும்போதே சேமிப்பு கரைந்திருக்கலாம். கால் தொல்லை உள்ளவருக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தால், ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தாலும், இரும்புச்சத்து கொடுக்கலாமா என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். கடையில் நீங்களே வாங்கிச் சாப்பிட வேண்டாம். இரும்பு மிஞ்சினாலும் கெடுதல். நம் வயதில் அது குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தக் கசிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது: சாயங்காலத்துக்குப் பிறகு காபி வேண்டாம். சாப்பாட்டோடு டீயும் வேண்டாம், அது இரும்பைச் சேரவிடாது. படுக்கும் முன் காலை நீட்டி மடக்குங்கள்.

அடுத்த முறை தலைவலிக்குப் போகும்போது, ‘ராத்திரி காலும் படுத்துகிறது டாக்டர்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.