திரைக்கதை எழுதப் பழகும் நம் பிள்ளைகள்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



 

உதவித்தொகை மனுவில் "என்ன ஆக விரும்புகிறாய்?" என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். டாக்டர், இன்ஜினியர், கலெக்டர், ஆடிட்டர் என்று எழுதுவார்கள். இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "திரைக்கதை ஆசிரியர்" என்று எழுதியிருந்தது. மனுக்களைப் பரிசீலித்த குழுவில் சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். "படிப்புக்குத்தானே பணம் தருகிறோம், சினிமாவுக்கா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இன்று பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிற இடத்தில் அதற்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் மார்க்கம். சினிமாவைப் பற்றி ஆலிம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஃபத்வா சொல்வதற்கு நான் இங்கே நிற்கவில்லை. அதற்குரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பேனா ஒரு கருவி. அதைக் கொண்டு அவதூறும் எழுதலாம், நீதியும் எழுதலாம். ஆபாசத்தையும் பொய்யையும் எழுதினால் கதையானாலும் செய்தியானாலும் குற்றம்தான். எழுதுவதே குற்றம் என்று யாரும் சொல்லவில்லை.

நாம் குர்ஆனை ஓதுகிற சமுதாயம். 12-ஆவது அத்தியாயமான சூரா யூசுஃபில் 111 வசனங்கள் இருக்கின்றன. அந்த வரலாற்றை வரலாறுகளிலேயே மிக அழகானது என்று அல்லாஹ்வே குறிப்பிடுகிறான். அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு சிறுவர் தாம் கண்ட கனவைத் தந்தையிடம் சொல்வதில் தொடங்குகிறது. அந்தக் கனவின் பொருள் கடைசியில்தான் விளங்குகிறது. இடையில் ஒரு சட்டை மூன்று முறை வருகிறது. முதலில் பொய்யான இரத்தக் கறையோடு தந்தையிடம் கொண்டுவரப்படுகிறது. அடுத்து, பின்புறம் கிழிந்த சட்டை யூசுஃப் (அலை) அவர்களின் தூய்மைக்குச் சாட்சியாகிறது. மூன்றாவது முறை யஃகூப் (அலை) அவர்களின் முகத்தில் போடப்பட்டு, பார்வை திரும்புகிறது. பொய்க்கும் உண்மைக்கும் மன்னிப்புக்கும் ஒரே பொருள் அடையாளமாக வருகிறது. இறைவேதத்தைத் திரைக்கதையோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், நவூதுபில்லாஹ். ஒரு செய்தியை மனத்தில் பதியும்படி எப்படிச் சொல்வது என்கிற படிப்பினை நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இந்த மண்ணுக்கும் அது புதிதல்ல. பக்கத்து எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்களாகப் பிரித்து 5027 பாடல்களில் சீறாப்புராணமாகத் தந்தார். பெரிய வரலாற்றை எங்கே தொடங்குவது, எங்கே பிரிப்பது என்று கணக்குப் போட்ட ஒரு முஸ்லிம் புலவர் நம் தாலுகாவுக்கு அடுத்து வாழ்ந்திருக்கிறார்.

சரி, திரைக்கதை என்றால் என்ன? நம் பிள்ளைகள் பலர் வசனம்தான் திரைக்கதை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பார்ப்பதையும் கேட்பதையும் மட்டும் வரிசையாக எழுதுவதுதான் திரைக்கதை. "அவர் ஏழை" என்று கதையில் எழுதலாம். திரையில் "ஏழை" என்ற சொல் தெரியாது. தெரிகிற ஒன்றாக அதை மாற்ற வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

காட்சி 1. உள்ளே. வீட்டு அடுப்படி. இரவு.
அம்மா அரிசி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுகிறார். கையளவு அரிசி விழுகிறது. போன் அடிக்கிறது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறார்.
அத்தாவின் குரல்: சாப்பிட்டாச்சா?
அம்மா: ஆச்சுங்க. உங்களுக்குத்தான் அங்க என்ன சாப்பாடோ.
வாசலில் நிற்கும் மகன் டப்பாவைப் பார்க்கிறான். சத்தம் வராமல் அதன் மூடியை எடுத்து மூடுகிறான்.

இவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் அத்தா, உள்ளூரில் மறைக்கப்படும் கஷ்டம், அதைப் புரிந்துகொண்ட பிள்ளை, எல்லாம் வந்துவிட்டது. யாரும் அழவில்லை, யாரும் பிரசங்கம் செய்யவில்லை. இந்தக் காட்சியை எழுதக் கோடம்பாக்கம் போக வேண்டுமா? நம் தெருவில் கண் திறந்து நடந்தால் போதும்.

தலைப்பில் மூன்று விவரம் இருப்பதைக் கவனித்தீர்களா? உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா. படம் எடுப்பவருக்கு விளக்கும் செலவும் இதிலிருந்துதான் தெரியும். இந்த முறையில் ஒழுங்காகத் தட்டச்சு செய்தால் ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடப் படம் என்பது கணக்கு. ஆகவே பத்து நிமிடக் குறும்படத்துக்குப் பத்துப் பக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளையால் எழுத முடிகிற அளவுதான் அது.

ஈரானில் மஜீத் மஜீதி என்ற இயக்குநர் 1997-இல் "சில்ரன் ஆஃப் ஹெவன்" என்ற படத்தை எழுதி எடுத்தார். தைக்கக் கொடுத்து வாங்கிய தங்கையின் காலணியை அண்ணன் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொன்னால் அத்தாவிடம் வாங்கித் தரப் பணம் இல்லை. காலையில் தங்கையும் மதியம் அண்ணனும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பள்ளிக்கு ஓடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடி காலணி. அதற்காக ஓடிய அண்ணன் முதலாவதாக வந்துவிடுகிறான். வெற்றியே தோல்வியாகிவிடுகிறது. ஒரு ஜோடிக் காலணியை வைத்து எடுத்த அந்தப் படம் ஆஸ்கர் போட்டியின் இறுதிப் பட்டியல் வரை போனது. ஒருவருக்கு ஒன்று தேவை, அதற்குத் தடை, அதனால் அவர் எடுக்கும் முடிவு. திரைக்கதையின் முதுகெலும்பு இந்த மூன்றுதான்.

இப்போது நம் கரிசல் பூமிக்கு வருவோம். இங்கே மழை குறைவு, எழுத்தாளர்கள் அதிகம். இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி. ராஜநாராயணன் எழுதிய "கிடை", 2003-இல் அம்ஷன் குமார் இயக்கத்தில் "ஒருத்தி" என்ற படமானது. தபால் துறையில் வேலை பார்த்த ச. தமிழ்ச்செல்வனின் "வெயிலோடு போய்" என்ற சிறுகதையை சசி 2008-இல் "பூ" என்ற படமாக விரித்தார். ஆண்டிப்பட்டியில் பிறந்து கூட்டுறவுத் துறையில் பணியாற்றிய பூமணி 1982-இல் எழுதிய "வெக்கை", 37 வருடம் கழித்து வெற்றிமாறன் கையில் "அசுரன்" ஆனது.

மாணவர்கள் "வெக்கை"யைப் படித்துவிட்டு "அசுரன்" எப்படி மாற்றப்பட்டது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாவலின் மையம் பதினைந்து வயதுப் பையன். படத்தின் மையமோ அவனுடைய தகப்பன். நாவலில் இல்லாத தகப்பனின் இளமைக் காலம் படத்தில் சேர்ந்திருக்கிறது. ஏன்? யாருடைய கண் வழியாகக் கதையைச் சொல்கிறோம் என்பது மாறினால் கதையே மாறுகிறது. இந்த ஒரு பாடத்தை ஒரு புத்தகத்தையும் ஒரு படத்தையும் வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் இருந்தபடியே கற்றுக்கொள்ளலாம்.

பூமணி தாமே எழுதி இயக்கிய படம் ஒன்றும் உண்டு: தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்த "கருவேலம் பூக்கள்". கரிசல் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அவலத்தைச் சொன்ன படம். நம் நாசர் பாய் அதில் நடித்திருந்தார். விடியுமுன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிப்போன தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸை இங்கே இருக்கிற பெரியவர்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தோம். எழுதினவர்கள் சிலர்தான். அந்தச் சிலரால்தான் அது இன்றைக்கும் சாட்சியாக நிற்கிறது.

இதில் நம் சமுதாயத்துக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு படம் வந்ததும், நம்மைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளியில் நின்று வருத்தப்படுகிறோம். வருத்தம் நியாயமானது. ஆனால் எழுதுகிற மேசையில் நம் பிள்ளை இருந்ததா? நோன்புக் கஞ்சிக்குக் கிண்ணத்தோடு வருகிற பக்கத்து வீட்டு அக்கா, மகள் கல்யாணத்துக்காகத் தையல் மெஷினை விடாத பெரியம்மா, கடலை மிட்டாய்க் கடையில் நிற்கும் நம் தம்பி, இவர்களை யார் எழுதுவார்? நம் வீட்டுக்குள் வராதவர்கள் வாசலில் நின்று ஊகித்துத்தான் எழுதுவார்கள். அவதாரம் படத்தை 1995-இல் நாசரும் பருத்திவீரனை 2007-இல் மதுரை அமீரும் எழுதி இயக்கினார்கள். வழியில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, பாதை அடைபடவில்லை.

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளை படிப்பை விட்டுச் சென்னைக்கு பஸ் ஏறிவிடுமோ என்ற பயம். மாணவர்களே, இதை நன்றாகக் கேளுங்கள். நான் சொன்ன கரிசல் எழுத்தாளர்கள் விவசாயமோ உத்தியோகமோ பார்த்துக்கொண்டேதான் எழுதினார்கள். சோறு போடும் தொழிலை விட்டுவிட்டு யாரும் எழுதவில்லை. சினிமாவில் வருமானம் நிச்சயமில்லை. வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். முறையாகப் படிக்க வேண்டுமென்றாலும் பள்ளிப் படிப்பு வேண்டும். சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த பட்டப்படிப்புக்குப் பிளஸ் டூ கேட்கிறார்கள். 1960-இல் தொடங்கிய புனே நிறுவனத்தில் திரைக்கதை படிக்க ஒரு பட்டமே வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பில் செய்ய வேண்டியது இரண்டு: பரீட்சையில் தேறுவது, நோட்டில் எழுதிப் பழகுவது.

எழுதிப் பழக வழி சொல்கிறேன். தினமும் ஒரு பக்கம், கண்ணால் பார்த்தது மட்டும். பஸ் ஸ்டாண்ட், ரேஷன் கடை வரிசை, மார்க்கெட். மனத்தில் நினைத்ததை எழுதக் கூடாது, பார்த்ததையும் கேட்டதையும்தான் எழுத வேண்டும். வாரம் ஒரு நல்ல படத்தின் ஒரே ஒரு காட்சியைச் சத்தத்தை நிறுத்திப் பார்த்து, அதைத் தாளில் எழுதுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டுப் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கிறார்கள். அந்த வாய்ப்பை விடாதீர்கள். சுஜாதாவின் "திரைக்கதை எழுதுவது எப்படி?" எளிய தமிழில் இருக்கிறது. அதை நம் நூலகத்துக்கு வாங்குகிறோம்.

இன்னொன்று. எழுதி முடித்ததில் பெயரும் தேதியும் போட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் தகராறு வந்தால் அது சாட்சியாக உதவும். அதேபோல அடுத்தவர் எழுத்தை எடுக்காதீர்கள். அது களவு. பக்கத்து வீட்டின் அந்தரங்கத்தைப் பெயர் தெரியும்படி எழுதாதீர்கள். அது புறம். மதரஸாவில் படித்த இந்த இரண்டு பாடமும் எழுத்துக்கும் பொருந்தும்.

கடைசியாக, டிரஸ்ட்டின் முடிவு. அந்தப் பிள்ளையின் பள்ளிப் படிப்புக்கான மனுவைக் குழு ஏற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் ஒன்பது முதல் பிளஸ் டூ வரையுள்ள மாணவ மாணவியருக்கு எழுத்துப் பயிற்சி தொடங்குகிறோம். மாணவியருக்குத் தனி இருக்கை. பெற்றோர் கையெழுத்து அவசியம். பரீட்சை மாதங்களில் வகுப்பு இல்லை. இதற்கு ஜகாத் பணத்தைத் தொட மாட்டோம். பொது சதகா நிதியிலிருந்துதான் செலவு.

பிளஸ் டூ முடித்து ஒரு பிள்ளை திரைப்படக் கல்லூரியில் இடம் வாங்கி வந்தால் உதவுவதா என்பதைக் குழு இன்னும் முடிவு செய்யவில்லை. உதவ வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் குழுவில் இருக்கிறார்கள். பொதுக்குழுவில் ஆலிம்களையும் வைத்துப் பேசுவோம். பெற்றோர்களும் வந்து உங்கள் எண்ணத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை பிள்ளை எழுதிக் காட்டும் நோட்டை "இதெல்லாம் எதுக்கு?" என்று தள்ளிவிடாமல் ஒருமுறை வாங்கிப் படியுங்கள். அதில் உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கும்.

நம் பிள்ளைகளின் நாவுக்கும் பேனாவுக்கும் உண்மையை மட்டும் பேசும் பாக்கியத்தை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.