மூக்கு லாரியை விற்ற கதை
(ஆதரவாளர் ஸ்தோத்திரக் கூடுகையில் ஆஸ்பத்திரிப் போதகர் பேசியது)



வேப்பமரத்தடியைப் பார்த்துவிட்டு, "லாரி எங்கே ஐயா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். டீ நேரத்தில் ஆளுக்கொரு பதில் சொல்லித் தப்பித்தோம். இப்போது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் காணிக்கையில் ஓடின வண்டி. கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அது 1968-ஆம் வருஷத்து டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ். டாட்டா கம்பெனியார் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியாரோடு 1954-இல் செய்த ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. அதன்பின் வந்த வண்டிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் கிடையாது. எங்கள் வண்டியில் இருந்தது. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் அதைப் பெத்லகேம் நட்சத்திரம் என்பார்கள், நாங்கள் திருத்தினதில்லை.

நாமக்கல்லில் பாடி கட்டினது. காலையில் ஹீட்டரைப் போட்டுக் காத்திருந்துதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லை. டிரைவர் அண்ணனுடைய தோள்பட்டையே அதற்குச் சாட்சி. அரிசி, விறகு, ஆக்ஸிஜன் சிலிண்டர், கண் முகாமுக்கு வரும் முதியோர், எல்லாம் அதில்தான். 1977 நவம்பர் புயலில் திருச்சியை வெள்ளம் சூழ்ந்தபோது ஜனங்களை ஏற்றி வந்ததை அண்ணன் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாங்கள் ஊழியத்துக்கு வந்தது 1989-இல்.

ஆனால் அந்த லாரியை நாங்கள் நேசித்தது வேறொரு காரியத்துக்காக. வார்டில் ஒருவர் மரித்துப்போனால், பிரேதம் என்றவுடன் வாடகை வண்டிக்காரர் இரண்டு பங்கு, மூன்று பங்கு கேட்பார். சிலர் வரவே மாட்டார்கள். நாங்கள் லாரியில் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, இலவசமாய் வீடு சேர்ப்போம். எந்த மதத்தார் என்று பார்ப்பதில்லை. டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நாங்களும் போவோம். வாசலில் இறக்கியபின் ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்போம். சொல்லாவிட்டால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்புவோம். 2008-இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தபின் நோயாளிகளை ஏற்றும் வேலை குறைந்தது. இந்த வேலை குறையவில்லை.

2019-இல் உங்களில் ஒரு சபையார் வேன் ஒன்று வாங்கித் தர முன்வந்தீர்கள். "லாரிதான் இருக்கிறதே" என்று சொல்லி, அந்தப் பணத்தை டயாலிசிஸ் மெஷினுக்கு மாற்றித் தரக் கேட்டோம். மெஷினும் தேவைதான். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், லாரியை விட எங்களுக்கு மனமில்லை.

2021-இல், 50 வருஷம் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆசையோடு விசாரித்தோம். அது சொந்த உபயோக வண்டிகளுக்காம். மூட்டை சுமந்த லாரிக்கு அந்த மரியாதை கிடையாது! அடுத்த வருஷம் பழைய லாரிகளுக்கு எஃப்.சி. கட்டணமும் ஏறியது. அதையும் கட்டினோம்.

2023 ஐப்பசியில் ஒரு ராத்திரி. நாற்பது கிலோமீட்டர் தூரத்துக் கிராமத்துக்கு ஒரு கூலித் தொழிலாளியின் உடலைக் கொண்டுபோனோம். பாதி வழியில் பின் ஆக்சில் ஒடிந்துவிட்டது. மழை. தார்ப்பாய் ஒழுகியது. அந்த அம்மாள் கணவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். விடியற்காலை பால் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும்வரை ஐந்து மணி நேரம். இறந்தவரின் தம்பி எங்களிடம் வந்து, "ஐயா, நல்ல வண்டி இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. கடன் வாங்கியாவது ஒரு வண்டி புடிச்சிருப்போம்" என்றார். கோபமாய்க்கூடச் சொல்லவில்லை. எங்களுக்கு நீங்கள் கொடுக்க வந்த வேன் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தோம் என்பதையும் மறைப்பானேன்? வாசலில் காட்சிக்கு வைக்கலாம் என்றுகூட யோசித்தோம். ஓய்வு பெற்ற டிரைவர் அண்ணன்தான் வந்து பார்த்துவிட்டு, "ஓடாத வண்டிக்கு எதுக்குய்யா பெயின்ட்?" என்றார். ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு, காயலான் கடைக்காரருக்கு எடைக்குப் போட்டோம். ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ரூபாய். ஸ்பிரிங் பட்டைகளைக் கொல்லுப்பட்டறைக்காரர் அங்கேயே விலை பேசிவிட்டார், அரிவாள் அடிக்க. கடைக்காரர் நட்சத்திரத்தைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. "வண்டியோடயே போகட்டும்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

பிறகு அதே சபையாரிடம் மறுபடி போய்க் கேட்க வெட்கமாயிருந்தது. போனோம். லாரி விற்ற பணத்தோடு மீதியை அவர்கள் போட்டார்கள். வரவுசெலவு அறிக்கையில் தனி வரியாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

வேன் சிற்றாலயத்துக்குப் பின்புறம் நிற்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பாருங்கள். பின்கதவு கொஞ்சம் இறுக்கம். பிள்ளைகள் விரலை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.